சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்களும் சுற்றிப் போக வைத்த இடங்களும்

'காஞ்சிபுரத்தில் கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று தேடிப் பாருங்கள் தோழர்களே. எந்தப் பட்டியலை எடுத்தாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். கைலாசநாதர், ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், வரதராஜப் பெருமாள், வைகுந்தப் பெருமாள், பிறகு பட்டுப்புடவைக் கடை. எழுதியவர் கொஞ்சம் அக்கறையுள்ளவராக இருந்தால் அண்ணா நினைவு இல்லம். அத்தோடு சரி. வந்தவாசி சாலையில் பாலாற்றுப் பாலத்துக்குப் போகும் வழியில் வரும் ஊர் என்பதைத் தாண்டி செவிலிமேட்டுக்கு அதில் இடமில்லை. 2011-இல் செவிலிமேட்டை நகராட்சியோடு சேர்த்தார்கள். 2021-இல் அந்த நகராட்சி மாநகராட்சியானது. பட்டியல் மட்டும் மாறவே இல்லை.

இந்த ஊரிலும் சுற்றுவட்டாரச் சேரிகளிலும் சமூகப் பணி செய்கிற எங்களிடம் கல்லூரி மாணவர்கள் கேட்பதுண்டு. "கோயிலைப் பார்த்தோம், படம் எடுத்தோம், காஞ்சிபுரம் இட்லி சாப்பிட்டோம், திரும்பினோம். இதிலுமா சாதி?" என்று. இதிலும்தான். ஓர் இடத்தைப் 'பார்க்க வேண்டிய இடம்' என்று அறிவிப்பது சாதாரண வேலை இல்லை. அங்கே நடந்தவற்றில் எது நினைவில் நிற்க வேண்டும், எது மறைய வேண்டும் என்று தீர்ப்பு எழுதுகிற வேலை அது. இதுவரை அந்தத் தீர்ப்பை நம்மைக் கேட்காமலே எழுதினார்கள். உலகத்தில் நம்மைப் போல ஒதுக்கப்பட்ட மக்கள் அந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுத வைத்திருக்கிறார்கள். நாமும் திருத்த வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கல்லில் வெட்டிய சொல்

உலகப் பாரம்பரியச் சின்னத்திலிருந்தே தொடங்குவோம். தஞ்சைப் பெரிய கோயிலை யுனெஸ்கோ 1987-இல் தன் பட்டியலில் சேர்த்தது. கோபுரத்தின் உயரம், உச்சிக் கல்லின் எடை, நிழல் விழுமா விழாதா என்பதெல்லாம் நம் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதே கோயிலின் கல்வெட்டில், வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும் இடத்தில், 'பறைச்சேரி' என்ற சொல்லும் 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு என்று அரசன் கல்லிலேயே எழுதிவைத்தான். தீண்டாமை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று மேடையில் முழங்குகிறவர்களை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடம் அது. எந்த வழிகாட்டியாவது அந்தச் சுவருக்கு முன்னால் கூட்டத்தை நிறுத்தி அந்தச் சொல்லைப் படித்துக் காட்டி நாம் பார்த்திருக்கிறோமா?

பெரிய கோயிலைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கல்லைச் சுமந்தவர்களிலும் ஏற்றியவர்களிலும் நம் முன்னோர் இருந்திருப்பார்கள். பார்க்கலாம், வியக்கலாம். ஆனால் முழுதாகப் பார்க்க வேண்டும். கோபுரத்தைப் படித்துவிட்டுக் கல்வெட்டை விடுவது பாதிப் புத்தகத்தைக் கிழித்துவிட்டுப் படிப்பது போல.

காஞ்சிக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியில் சுமார் நூறு பௌத்தப் பள்ளிகளும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதிவைத்தார். மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பஞ்சத்தில் வாடிய மக்களுக்குச் சோறிட்டதும், அறவண அடிகளிடம் அறம் கேட்டதும் இந்தக் காஞ்சியில்தான். இந்த நகரில் கிடைத்த புத்தர் சிலைகளை மயிலை சீனி. வேங்கடசாமி 'பௌத்தமும் தமிழும்' நூலில் பதிவு செய்தார். காமாட்சி அம்மன் கோயிலில் கிடைத்த ஒரு புத்தர் இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறார். நம் மூதாதையர் பௌத்தர்கள் என்று வாதாடிய அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்தைப் படித்தவர்களுக்கு இந்தச் செய்தி வெறும் தொல்பொருள் செய்தியாக இருக்க முடியாது. ஆனால் 'கோயில் நகரம்' என்ற ஒற்றைப் பெயருக்குள் அந்தப் பத்தாயிரம் பேரும் காணாமல் போனார்கள். நகரத்துக்குப் பெயர் சூட்டுகிறவர்கள்தான் நகரத்தின் நினைவையும் வைத்திருக்கிறார்கள்.

நாற்பத்தெட்டு நாள்

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் தரிசனம். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எடுக்கப்படும் சிலையை நாற்பத்தெட்டு நாள் நாடே வந்து பார்த்தது. ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். நம் அம்மாக்களும் அத்தைகளும் அந்த வரிசையில் நின்றார்கள். அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. அவர்கள் பாட்டிமார் நிற்க முடியாத வரிசை அது. ஆனால் அந்த வரிசை விட்டுச்சென்ற குப்பையையும் மலத்தையும் அள்ளியது யார்? வெளியூர்களிலிருந்தும் அழைத்து வரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதி என்று இந்த நாட்டில் யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. திருவிழாவின் சிறப்பு மலர்களில் பட்டர்கள் இருந்தார்கள், பிரமுகர்கள் இருந்தார்கள், நடிகர்கள் இருந்தார்கள். துடைப்பம் பிடித்த கை இல்லை.

அதே ஜூலை மாதத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகள் மீட்கப்பட்டார்கள். இருளர் குடும்பங்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிடும் படம் எல்லாக் கைப்பேசியிலும் சுற்றியது. கோயில் வாசலில் கோடிப் பேர் கூடிய நாட்களில், அதே மாவட்டத்தில் சில ஆயிரம் ரூபாய் கடனுக்காகக் குடும்பம் குடும்பமாக மனிதர்களைக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு மாவட்டம், ஒரே மாதம். ஆனால் அத்திவரதர் காஞ்சியின் வரலாறாக நிற்கிறார். கொத்தடிமைச் செய்தி ஒரு வாரத்தில் பழைய பேப்பரானது.

பட்டுக்கும் இதே கதைதான். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்வோம். மூன்று நாடா ஓட்டும் கோர்வை, உடலும் கரையும் பிரிக்க முடியாமல் பிணையும் வேலைப்பாடு, எல்லாம் உண்மை. நெசவாளியின் திறமைக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அது ஆராய்ந்த இடங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. முன்பணம் வாங்கிய பெற்றோரின் கடனைத் தறியில் உட்கார்ந்து தீர்த்த பிள்ளைகளைப் பற்றி அது பேசியது. பட்டுக் கடையில் ஏறுகிற சுற்றுலாப் பயணிக்குத் தறியைக் காட்டுவார்கள். அந்தத் தறியின் பக்கத்தில் ஒரு காலத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் காட்ட மாட்டார்கள்.

சாலைக்கிணறு கேட்கும் கேள்வி

செவிலிமேட்டை ஒட்டி சாலைக்கிணறு இருக்கிறது. வைணவர்களுக்கு அது புனித இடம். கதை இப்படிப் போகிறது. குரு யாதவப்பிரகாசர் தன்னைக் கொல்லத் திட்டமிட்டதை அறிந்து விந்திய மலைக்காட்டில் தப்பிய இராமானுசர் வழி தெரியாமல் நிற்கிறார். ஒரு வேடனும் வேடுவச்சியும் வந்து துணையாக அழைத்துப் போகிறார்கள். விடிந்ததும் வேடுவச்சிக்குத் தாகம். இராமானுசர் பக்கத்துக் கிணற்றிலிருந்து கையால் நீர் மொண்டு தருகிறார். மீண்டும் மொண்டு திரும்பும்போது இருவரையும் காணவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வரதராஜர் கோயில் விமானம் தெரிகிறது. வந்தவர்கள் பெருமாளும் தாயாரும் என்று அப்போதுதான் புரிகிறது. அன்றிலிருந்து அந்தக் கிணற்று நீரை அவர் நாள்தோறும் வரதருக்குச் சுமந்தார் என்கிறது குருபரம்பரைக் கதை.

நல்ல கதை. நாம் அதன் உள்ளே நின்றே கேட்போம். வேடர் உருவில் வந்த கடவுளுக்குக் கிணற்று நீர் தரலாம். வேடராகவே, இருளராகவே, பறையராகவே பிறந்தவருக்கு ஊர்க் கிணற்றில் எத்தனை நூற்றாண்டு நீர் மறுத்தது இந்தச் சமூகம்? திருக்கச்சி நம்பி பிராமணர் இல்லை. அவர் உண்ட மிச்சத்தை உண்ண இராமானுசர் விரும்பினார். அவருடைய மனைவியோ நம்பிக்கு முன்னதாகவே உணவிட்டு அனுப்பிவிட்டு, அவர் உண்ட இடத்தைக் கழுவிச் சுத்தம் செய்தார். இதையும் அதே வைணவ மரபுதான் சொல்கிறது. அதாவது தீட்டு என்ன செய்யும் என்பதை அந்த மரபே பதிவு செய்து வைத்திருக்கிறது. விழா எடுக்கிறவர்கள் கதையின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

கிணறு நமக்குப் பக்திக் கதை இல்லை தோழர்களே, சட்டப் பிரச்சினை. இரட்டைமலை சீனிவாசன் இந்த வட்டாரத்து மனிதர். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர். 1923-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டவர், 1924-இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் எதிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் செல்லத் தடை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் தெருவில் நடப்பதற்கு இந்த மாகாணத்தில் அரசாணை தேவைப்பட்டது. நூறு ஆண்டுதான் ஆகிறது. தமிழ்நாட்டில் 'சுற்றிப் பார்க்கும் உரிமை' என்று ஒன்று நமக்கு இருக்குமானால் அதன் பிறப்புச் சான்றிதழ் அந்த 1924 தீர்மானம்தான். எந்தச் சுற்றுலாத் தலத்தின் நுழைவாயிலில் அந்தத் தீர்மானம் பொறிக்கப்பட்டிருக்கிறது?

அதே 1924-இல் தொடங்கிய வைக்கம் போராட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். அது கோயிலுக்குள் போவதற்கான போராட்டம்கூட இல்லை. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்கான போராட்டம். ஊர் முழுக்கச் சுற்றிப் போக வைக்கப்பட்டவர்கள் நேராகப் போகக் கேட்டார்கள். பெரியார் அங்கே இரண்டு முறை சிறை சென்றார். 1925-இல் முடிவுக்கு வந்தபோதும் கிழக்குத் தெரு திறக்கவில்லை, மற்ற மூன்று தெருக்கள்தான் திறந்தன. அதே 1925 நவம்பரில், நம் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாகாண மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்பட, பெரியார் வெளிநடப்புச் செய்தார். தமிழ்நாட்டு அரசியல் திசை மாறிய நாள் அது. காஞ்சியின் பத்து இடங்களில் அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள்.

உலகம் எப்படிச் செய்தது

வாஷிங்டன் போகிறவர்கள் எல்லோரும் பார்ப்பது லிங்கன் நினைவகம். அடிமைமுறையை ஒழித்தவருக்குக் கட்டிய மண்டபம். 1922-இல் திறப்பு விழா நடந்தபோது அங்கே வந்த கறுப்பின மக்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். விடுதலை கொடுத்தவர் நினைவகத்திலேயே தீண்டாமை! அந்த இடத்துக்கு இன்றிருக்கும் பொருளைக் கொடுத்தது பளிங்குக் கல் இல்லை. 1939-இல் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்கு நகரத்தின் பெரிய அரங்கம் ஒன்று கதவடைத்தது. அவர் அந்த நினைவகத்தின் படிகளில் நின்று சுமார் 75,000 பேர் முன்னால் பாடினார். 1963 ஆகஸ்ட் 28-இல் அதே படிகளில் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். மக்கள் வந்து நின்றதால்தான் அந்தப் படி வரலாறானது.

1960 பிப்ரவரி 1. வட கரோலினா மாநிலம் கிரீன்ஸ்பரோ நகரில் முதலாண்டு கல்லூரி மாணவர்கள் நால்வர் ஒரு கடையின் உணவு மேடையில் போய் உட்கார்ந்தார்கள். வெள்ளையருக்கு மட்டுமான இருக்கை அது. பரிமாற மறுத்தார்கள், எழுந்திருக்க இவர்கள் மறுத்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். ஜூலைக்குள் அந்த மேடை எல்லோருக்கும் திறந்தது. சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2010 பிப்ரவரி 1-இல், அந்தக் கடை குடியுரிமை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இருக்கைகள் அங்கேயே இருக்கின்றன. இப்போது நம் ஊர்களின் இரட்டைக் குவளைத் தேநீர்க் கடைகளை நினைத்துப் பாருங்கள். எத்தனை ஊரில் நம் தோழர்கள் கண்ணாடிக் குவளைக்காக அடி வாங்கினார்கள், வழக்கு வாங்கினார்கள்! அந்தத் தேங்காய்ச் சிரட்டைகளில், அலுமினியக் குவளைகளில் ஒன்றையாவது நம் அருங்காட்சியகங்கள் கண்ணாடிப் பேழையில் வைத்து ஊரின் பெயரை எழுதிக் காட்டட்டுமே.

அமெரிக்காவில் 1936-இல் விக்டர் கிரீன் என்ற தபால்காரர் ஒரு கையேடு வெளியிட ஆரம்பித்தார். 'பச்சைப் புத்தகம்' என்று பேர். கறுப்பின மக்கள் பயணம் போனால் எந்த ஓட்டலில் படுக்க முடியும், எந்தக் கடையில் சாப்பிட முடியும் என்ற பட்டியல் அது. அவர்களுடைய 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்பது 'உயிரோடு திரும்பக்கூடிய இடங்கள்'. முப்பது ஆண்டு அந்தப் புத்தகம் தேவைப்பட்டது. நமக்கும் ஒரு பச்சைப் புத்தகம் உண்டு, அது அச்சாகவில்லை, அவ்வளவுதான். 'அந்தத் தெருவில வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ', 'அந்த ஊர்த் திருவிழாவுக்குப் போகாத', 'அந்தக் கடையில முடி வெட்ட மாட்டாங்க', 'பஸ்ஸில கையில இருக்கிற கயித்து நிறத்தைப் பார்த்து உட்காரு' என்று ஒவ்வொரு அம்மாவும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிறாரே, அதுதான்.

தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம். மண்டேலா தன் 27 ஆண்டுச் சிறைவாழ்வில் 18 ஆண்டைக் கழித்த ராபன் தீவு 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே வழிகாட்டிகளாக நின்று சிறையைச் சுற்றிக் காட்டியவர்கள் அங்கேயே கைதிகளாக இருந்தவர்கள். கேப் டவுனில் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' என்ற குடியிருப்பை 1966-இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து 60,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். 1994-இல் மக்கள் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். பெரிய பொருள் எதுவும் இல்லை. இடிபாட்டிலிருந்து காப்பாற்றிய தெருப்பெயர்ப் பலகைகள், தரையில் விரித்த ஒரு வரைபடம். துரத்தப்பட்டவர்கள் வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் பெயரை எழுதினார்கள். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் தேவைப்படவில்லை, எழுதியே தீருவேன் என்ற பிடிவாதம்தான் தேவைப்பட்டது. 'கூவம் ஓர அப்புறப்படுத்தல்' என்று நம் மக்களை நகரத்துக்கு வெளியே கொட்டுகிற நாட்டில் இருக்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

பெர்லின் சுவர் 1989-இல் விழுந்தது. அதன் துண்டுகளை உலகம் பங்கு போட்டு அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறது. அதே 1989 கலவரத்தை ஒட்டி மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் நம் மக்களின் வழியை மறித்துச் சுவர் எழுந்தது. 2008 மே 6-இல்தான், நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. பெர்லின் சுவரைப் பற்றி நம் பாடப்புத்தகம் சொல்லும். உத்தப்புரம் சுவரை நாம்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று சுற்றுச்சுவர் விழுந்து மாண்ட 17 பேரையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

மறுப்புகள் மூன்று

ஒன்று, "பழைய காயத்தைக் கிளறாதீர்கள், பாரம்பரியம் எல்லோருக்கும் பொது" என்பார்கள். பொது என்றால் கணக்கும் பொதுவாக இருக்க வேண்டும். 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்து வெளியேறினார்கள். அதன்பின் வந்த சட்டங்கள்தான் கோயில்களைப் பொதுவாக்கின. பொதுவாகாமல் இருந்த காலத்தைச் சொல்லாமல் 'பொது' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வது, கடனைக் கொடுக்காமலே ரசீது கேட்பது.

இரண்டு, "நினைவுச் சின்னம் சோறு போடுமா? முதலில் வீடும் வேலையும் கேளுங்கள்" என்பார்கள். இதை நம்மிலும் பலர் நல்ல மனதோடு கேட்கிறார்கள். 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். அந்தக் குளத்து நீர் இல்லாவிட்டால் செத்துவிடுவோம் என்பதற்காக அவர் இறங்கவில்லை. நாமும் மனிதர் என்று நிறுவுவதற்காக இறங்கினார். நிலமும் நினைவும் எதிரெதிர் இல்லை என்பதற்குச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு வட்டம். அந்த மாவட்டத்தின் ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். அடுத்த ஆண்டு வந்த அரசாணையில் பிறந்தது பஞ்சமி நிலம். அந்த நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்த அறிக்கையைப் படித்து, அதை நினைவில் வைத்திருந்த தலைமுறைதான் கரணையில் நிலம் கேட்டது. மறந்த தலைமுறைக்குப் பட்டா எண்கூடத் தெரியாது.

மூன்றாவது மறுப்பை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். நம் நினைவிடங்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? இரும்புக் கூண்டுக்குள் அம்பேத்கர் சிலை. கூண்டு போட்டது அரசு, அதற்குக் காரணம் சாதிவெறி. உண்மை. ஆனால் ஏப்ரல் 14-இலும் டிசம்பர் 6-இலும் மாலை போட்டுக் கோஷம் எழுப்பிப் படம் எடுத்துவிட்டு மீதி 363 நாள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது யார் குற்றம்? கீழ்வெண்மணிக்கு எத்தனை பேர் போயிருக்கிறோம்? 1968 டிசம்பர் 25-இல் எரிக்கப்பட்ட 44 பேரின் பெயர் அங்கே இருக்கிறது. நின்று ஒவ்வொரு பெயராகப் படித்தவர் எத்தனை பேர்? மேலவளவில் 1997 ஜூன் 30-இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஆறு பேரும் வெட்டப்பட்டார்கள். தாமிரபரணியில் 1999 ஜூலை 23-இல் 17 பேர் இறந்தார்கள். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகம் பல தலைமுறைப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. துக்கம் நடந்த இடம் மட்டுமில்லை, நாம் எழுந்த இடமும் பார்க்க வேண்டிய இடம்தான். சிதம்பரம் போகிறவர்களில் நம் மாணவர்கள் எத்தனை பேர் அந்தப் பள்ளி வாசலில் நின்றிருக்கிறார்கள்?

செய்ய வேண்டியது

நம் கோரிக்கை சிறியது, ஆனால் பிடிவாதமானது. அரசு பராமரிக்கும் ஒவ்வொரு கோயிலிலும் கோட்டையிலும் குளத்திலும் வைக்கப்படும் தகவல் பலகையில் மூன்று வரி கூடுதலாக வேண்டும். இதைக் கட்டிய உழைப்பு யாருடையது? எவரெவர் எதுவரை இங்கே அனுமதிக்கப்படவில்லை? எந்தப் போராட்டத்தால், எந்தச் சட்டத்தால் கதவு திறந்தது? இந்த மூன்று வரியை எழுத மறுக்கிறவர் வரலாற்றைப் பாதுகாக்கிறேன் என்று சொல்ல முடியாது.

பலகைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். மாணவர்கள் இந்த ஆண்டே மூன்று வேலை செய்யலாம். முதலாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு இந்து சமய அறநிலையத் துறைக்கு ஒரு மனு: உங்கள் ஊர்ப் பெரிய கோயிலில் எல்லாச் சாதியினரும் அனுமதிக்கப்பட்டது எந்த ஆண்டு, அதற்கான ஆவணம் எது என்று கேளுங்கள். பதில் வந்தால் அது வரலாறு. 'ஆவணம் இல்லை' என்று பதில் வந்தால் அதுவும் வரலாறு.

இரண்டாவது, டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மக்கள் செய்ததைச் செய்யுங்கள். ஒரு பெரிய வெள்ளைத் துணியை விரித்து உங்கள் சேரியின் வரைபடத்தை வரையுங்கள். மூத்தவர்களை உட்கார வையுங்கள். எந்தக் கிணற்றில் தண்ணீர் கிடைத்தது, எந்தத் தெருவில் செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது, பிணத்தை எந்த வழியாகக் கொண்டு போக விடவில்லை, முதன்முதலில் கண்ணாடிக் குவளையில் தேநீர் கேட்டது யார் என்று கேட்டுக் கேட்டுக் குறியுங்கள். ஆயாக்களை முதலில் கேளுங்கள். தண்ணீருக்காக நின்றவர்கள் அவர்கள்தான். அவர்கள் தலைமுறை போய்விட்டால் அந்த வரைபடத்தை வரைய யாரும் இருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, ஒரு நாள் பயணம். செவிலிமேட்டில் சாலைக்கிணற்றிலிருந்து புறப்படுங்கள். அங்கே 1924 தீர்மானத்தைப் பற்றிப் பேசுங்கள். நகரத்துக்குள் போய் 1925 மாநாட்டைப் பற்றிப் பேசுங்கள். புத்தர் இருந்த காஞ்சியைப் பற்றிப் பேசுங்கள். கைலாசநாதரையும் பாருங்கள், ஏகாம்பரநாதர் கோபுரத்தையும் நிமிர்ந்து பாருங்கள், யாருக்கும் அஞ்சாமல் பாருங்கள். மாலையில் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளியோடு ஒரு மணி நேரம் கூலிக் கணக்குப் பேசுங்கள். அடுத்த மாதம் கரணை. டிசம்பரில் வெண்மணி. காசு சேர்ந்தால் ஒருநாள் நாகபுரி தீட்சாபூமி.

நம் பாட்டன் தெருவைச் சுற்றிப் போனார், நேராகப் போனால் அடிப்பார்கள் என்பதால். நாம் நேராக நடக்கிறோம். நடந்த வழியை எழுதி வைக்காவிட்டால் நாளை இங்கே அடைப்பே இருந்ததில்லை என்று நம் பேரப்பிள்ளையிடமே சொல்வார்கள். சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே எழுதுங்கள் தோழர்களே. உங்கள் ஊரில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை இந்த வாரமே நீங்களே எழுதுங்கள்.

ஜெய் பீம்!